வண்டி மையிலிருந்து தொண்ணூறு ஆயில் வரை

வருசா வருசம் பருவமழை ஓய்ந்து மலைப்பாதை காய ஆரம்பித்ததும் எங்கள் ஜீப்புக்கு நாங்கள் பார்க்கிற முதல் வேலை, முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் கிடக்கிற பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றுவதுதான். ஒரு காலைப்பொழுது வேலை. செலவும் ஒன்னும் பெரிசு இல்லை. ஆனாலும் எங்க போடிப் பக்கம் ஓடுகிற ஜீப்புகள் பலவற்றுக்கு இந்த வேலை நடக்கிறதே கிடையாது. இஞ்சின் ஆயிலை நாள் பார்த்து மாற்றுவார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். "ஹவுசிங் ஆயில் எப்பண்ணே மாத்துனீங்க?" என்று கேட்டால் மட்டும், "அது வண்டி வாங்குனப்ப ஊத்துனது, அது பாட்டுக்குக் கெடக்கு" என்று பதில் வரும்.

இதிலே எனக்கு ஒரு ஆச்சரியம் உண்டு. இப்படிச் சொல்கிறவர்களில் நிறையப் பேருடைய தாத்தாக்கள் மாட்டுவண்டி ஓட்டியவர்கள். அந்தக் காலத்து ஆள் அச்சுக்கு மை போடாமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக்கூட வண்டி பூட்டியிருக்க மாட்டார். தாத்தா அவ்வளவு கருத்தாகப் பார்த்த வேலையைப் பேரன் எங்கே விட்டான்? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அச்சுக்கும் எண்ணெய்க்கும் உள்ள பழைய கதையைப் பார்த்தால் காரணம் வேறு என்று படுகிறது. அதைத்தான் இன்னைக்கு எழுதப்போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துப் படிங்க.

வண்டி மை

எங்க வீட்டு மாட்டுவண்டி நான் பள்ளிக்கூடம் போகிற காலம் வரைக்கும் இருந்தது. அதிலே அச்சு சுற்றாது, சக்கரம்தான் சுற்றும். இரும்பு அச்சின் முனை சக்கரத்துக் குடத்துக்குள் நுழைந்திருக்கும். சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க வெளியே கடையாணி. வண்டியின் மொத்தப் பாரமும், அச்சு முனையும் குடமும் உரசுகிற அந்தச் சாண் நீள இடத்தில்தான் இறங்கும். அங்கே பசை இல்லாவிட்டால் சூடேறும், தேயும், மாடு இழுக்க முடியாமல் திணறும்.

அதுக்குத்தான் வண்டி மை. கடையில் வாங்குகிற பொருள் இல்லை. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியைத் தூளாக்கி, விளக்கெண்ணெயில் போட்டுக் குழைத்தால் மை. அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியிலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பார் எங்க தாத்தா. கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சு முனையில் மையை அப்பி, திரும்பச் சக்கரத்தைத் தள்ளி ஆணியைப் போட்டால் முடிந்தது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாலே போதும், சட்டையில் கறை விழுந்துவிடும். அந்தக் கறை எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது.

வெறும் எண்ணெயை விடாமல் கரி எதற்கு? எண்ணெய் தனியாக நிற்காது, வழிந்துவிடும். கரித்தூள் அதைப் பிடித்து வைக்கும். இன்றைக்கு டப்பாவில் விற்கிற கிரீஸும் இதே கணக்குதான். எண்ணெயோடு ஒருவகைச் சோப்பைச் சேர்த்து, வழியாதபடி கெட்டியாக்கினால் கிரீஸ்.

அத்தனை எண்ணெய் இருக்க விளக்கெண்ணெய் ஏன்? நல்லெண்ணெய், கடலெண்ணெயைவிட அது கெட்டி. இரும்பில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. இது நம்ம வண்டிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் சுழல் இஞ்சின்களுக்கு விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள். பெட்ரோலில் அது லேசில் கரையாது என்பது ஒரு காரணம். பிரிட்டனில் 1899-ல் தொடங்கிய வேக்ஃபீல்டு கம்பெனி தன்னுடைய ஆயிலுக்குக் காஸ்ட்ரால் என்று பேர் வைத்ததே, விளக்கெண்ணெய்க்கு வெள்ளைக்காரன் சொல்கிற காஸ்டர் என்ற பேரிலிருந்துதான். உலகத்திலேயே ஆமணக்கு அதிகமாக விளைகிற நாடு இன்றைக்கும் இந்தியாதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மை காய்ந்துவிட்டால் மாட்டுவண்டி சும்மா இருக்காது. கிறீச் கிறீச்சென்று தெருவையே கூட்டிவிடும். "வண்டி அழுவுது, காதுல விழலையாடா?" என்று திண்ணையிலிருந்தே பெரிசுகள் சத்தம் போடும். மை போடுவதை மறக்க வண்டியே விடாது. வண்டிக்காரர் பொறுப்பானவரோ இல்லையோ, ஊர் சிரிக்குமே என்ற கூச்சத்துக்காவது மை போட்டாக வேண்டும்.

அச்சைப் பற்றிய பயமும் ரொம்பப் பழசு. புறநானூற்றில் 102-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. உப்பு ஏற்றிக்கொண்டு தூரதேசம் போகிற உமணர்கள், வழியில் பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ என்று வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்ற செய்தி அதிலே இருக்கிறது. நம்ம ஸ்டெப்னிக்கு அதுதான் பாட்டன். முறிந்தால் மாற்ற ஒரு அச்சு, காய்ந்தால் பூச ஒரு குழாய் மை. இரண்டும் வண்டியோடவே போகும்.

அச்சு சுற்ற ஆரம்பித்தது

மாட்டுவண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனி. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் அதுஅது பாட்டுக்குச் சுற்றிக்கொள்ளும். ஏனென்றால் வண்டியை இழுப்பது மாடு. சக்கரத்துக்கு உருளுகிற வேலை மட்டும்தான்.

நீராவி வண்டி வந்தபோது இது மாறிப்போச்சு. சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டும். அதுக்காக இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கி, அச்சைச் சுழற்றினால் நேர்ப்பாதையில் நன்றாக ஓடும். வளைவில் திமிறும். நம்ம போடிமெட்டுப் பாதையையே எடுத்துக்குங்க. 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம் சுமார் 1.2 மீட்டர். ஒரு வளைவை அரைவட்டம் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 3.8 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். 17 வளைவுக்கும் சேர்த்தால் 64 மீட்டர். அச்சு ஒரே கட்டையாக இருந்தால் அத்தனை தூரமும் ஏதோ ஒரு டயர் தரையில் இழுபட்டுத் தேயும், இல்லையானால் அச்சு முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு வழி சொன்னவர் பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கூர் என்கிற கடிகாரக்காரர். 1827-ல் ஒரு நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியல் என்கிற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அச்சை நடுவில் வெட்டி இரண்டு பாதியாக்கி, நடுவில் சின்னச் சின்னப் பல்சக்கரங்களைக் கோத்துவிட்டார். நேராகப் போகும்போது இரண்டு பாதியும் ஒன்றாகச் சுற்றும். வளைவில் ஒரு பக்கம் எத்தனை சுற்றுக் குறைகிறதோ, அத்தனையும் மறுபக்கத்துக்குக் கூடும். மாட்டுவண்டிக்குச் சும்மா கிடைத்த வசதியை இஞ்சின் வண்டிக்குத் திருப்பித் தர இத்தனை பல்சக்கரம் தேவைப்பட்டது.

சக்கரத்துக் குடத்தில் இருந்த உரசலைக் குறைக்க வழி கண்டவரும் ஒரு வண்டி செய்கிறவர்தான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன், 1898-ல் கூம்பு உருளை பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். மேலிருந்து அழுத்துகிற பாரத்தையும், திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளுகிற பாரத்தையும் சேர்த்தே தாங்குகிற பேரிங் அது. இன்றைக்கும் ஜீப்பு, லாரி, டிராக்டர் எல்லாவற்றின் ஹப்பிலும் அந்த ஜாதி பேரிங்தான்.

பல்லும் பேரிங்கும் வந்துவிட்டால் அங்கே மண்ணும் தூசியும் புகக்கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடி, உள்ளே ஆயிலை ஊற்றினார்கள். நாம் ஹவுசிங் என்று சொல்கிறோமே, அதுதான். நல்ல ஏற்பாடு, அதில் சந்தேகம் இல்லை. தினம் தினம் மை அப்ப வேண்டியதில்லை. ஆனால் கையால் தொட்டுப் பூசிய பொருள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனதும் இங்கேதான். சத்தமும் நின்றுபோச்சு. ஆயில் கெட்டாலும் ஹவுசிங் உடனே அழாது. ரொம்ப நாள் பொறுத்துக்கொண்டே இருந்து, ஊளையிட ஆரம்பிக்கும்போது பல் தேய்ந்து முடிந்திருக்கும். பேரன் விட்ட இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கந்தக வாசம் எங்கிருந்து வந்தது

கியர் ஆயில் டின்னைத் திறந்தால் ஒரு நாற்றம் வரும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு தின்கிறபோது மணக்கும். அது கந்தகம். அது ஆயிலுக்குள் வந்ததுக்கும் ஒரு வரலாறு உண்டு.

இஞ்சினிலிருந்து வருகிற ஷாஃப்டின் நுனியில் இருப்பது பினியன். அது சுழற்றுகிற பெரிய சக்கரம் கிரவுன். முதலில் பினியன் கிரவுனின் நடுமட்டத்தில்தான் நின்றது. 1920-களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் கம்பெனி, பினியனை நடுமட்டத்துக்குக் கீழே இறக்கி வைக்கிற மாதிரி ஒரு பல்வெட்டைக் கொண்டுவந்தது. அதுக்கு ஹைப்பாய்டு என்று பேர். 1926-ல் பேக்கார்டு கார்களில் அது வந்தது. ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது. பல்லுக்குப் பலமும் கூடியது.

ஆனால் இந்தப் பல் உருள்வதோடு நிற்காது, ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயிலின் படலம் கிழிந்து, இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சரக்குகளை ஆயிலில் சேர்த்தார்கள். சூடும் அழுத்தமும் ஏறுகிற இடத்தில் அவை இரும்போடு சேர்ந்து மெல்லிசாக ஒரு தோல் மாதிரி படிந்து பல்லைக் காக்கும். டின்னில் இ.பி. என்று போட்டிருப்பது அதுதான், கடும் அழுத்தம் தாங்கும் என்று பொருள். இந்தச் சரக்கும் ஓட ஓடச் செலவாகும். ஆயில் அளவு குறையாமல் இருந்தாலும் அதன் சத்து போயிருக்கும். "லெவல் சரியாத்தான இருக்கு, என்னாத்துக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மலைக்கு ஜீப்பு வந்தது

எங்க பக்கத்து மலைக்குச் சரக்கு ஏற்றி இறக்குவது எப்பவுமே பெரும்பாடு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் வண்டிப்பாதை வெட்டினார்கள். அதையொட்டி ஒற்றைத் தண்டவாளத்தில் காளை இழுக்கிற ரயில் ஓடியது. 1908-ல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டி. அந்த வண்டிகளுக்கும் வண்டி மைதான் போட்டிருப்பார்கள். 1924 வெள்ளத்தில் மூணாறு ரயில் அழிந்துபோனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல்.

ரோடு இல்லாத இடத்துக்கும் ஏறுகிற ஒரு வண்டி வேறு காரணத்துக்காக வேறு நாட்டில் பிறந்தது. 1940-ல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் தள்ளுகிற ஒரு சின்ன வண்டி கேட்டது. பேன்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து, அந்த வருசம் செப்டம்பர் 23-ந் தேதி ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தது. அப்புறம் வில்லிஸும் ஃபோர்டும் அதை ஆயிரக்கணக்கில் செய்தன. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் வெளியே வந்துவிட்டன. 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. அதன் வாரிசுகள்தான் இன்றைக்கு நம்ம மலையில் ஓடுகிற மேஜரும் கமாண்டரும்.

அந்தப் போர்க்கால ஜீப்பில் முன்னும் பின்னும் ஸ்பைசர் ஆக்சில், இரண்டும் ஹைப்பாய்டு. ஒவ்வொன்றுக்கும் பிடிக்கிற ஆயில் 1.2 லிட்டர் போலத்தான். ராணுவக் கையேடு அன்றைக்கே நம்ம வெயிலுக்கு ஏற்ற 90 நம்பர் கியர் ஆயிலைச் சொன்னது, கடுங்குளிருக்கு அதைவிட இளக்கமானதை. இன்னைக்கும் கடையில் போய் "தொண்ணூறு ஆயில் குடுங்க" என்றால் அதுதான் வரும். ஒன்று கவனிங்க. இஞ்சின் ஆயிலில் 50 என்பதும் கியர் ஆயிலில் 90 என்பதும் வேறு வேறு அளவுகோல். 90 என்றால் 50-ஐப்போல ரெண்டு மடங்கு கெட்டி என்று அர்த்தம் இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே கெட்டிதான்.

அந்த ஜீப்பில் பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல். அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற பினியன் கிட்டத்தட்ட 5 தடவை சுற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 450 சுற்று, பினியன் சுமார் 2,200 சுற்று. இத்தனைக்கும் காவல் அந்த 1.2 லிட்டர்தான்.

இன்னொரு சேதி. "நான் நாலு வீல் போடறதே இல்லை, முன் ஆக்சில் சும்மாதான இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். ஹப்பில் பிரித்துவிடுகிற லாக் இல்லாத ஜீப்பில், நாலு வீல் போட்டாலும் போடாவிட்டாலும் முன் சக்கரம் உருளும்போது உள்ளே கிரவுனும் பினியனும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதுக்கும் ஆயில் வேண்டும்.

பழைய ஜீப்பின் பின் ஆக்சில் நுனியில் ஒரு பெரிய நட்டு இருக்கும். அது கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு காட்டர் பின் செருகியிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடையாணி ஞாபகம்தான் வரும்.

தண்ணி எப்படி உள்ளே போகிறது

மூடிய ஹவுசிங்குக்குள் தண்ணி எப்படிப் போகும் என்று கேட்கலாம். வண்டி ஏறும்போது ஆக்சில் நன்றாகச் சூடாகிவிடும். உள்ளே இருக்கிற காற்று விரியும். அது வெளியேறுவதற்காக மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழல் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டோடு ஓடையில் இறக்கினால், இரும்பு சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், வெளியே உள்ளதை உறிஞ்சும். ஹவுசிங் தண்ணிக்குள் முங்கி இருந்தால் உறிஞ்சுவது தண்ணியைத்தான், சேறும் கூட. இப்படி நாலைந்து ஓடை தாண்டினால் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும். அந்தப் பாலுக்குப் பல்லைக் காக்கிற சக்தி கிடையாது. பேரிங்கில் துரு ஏறும்.

அந்தப் பிரீதர் சேற்றால் அடைத்துக்கொண்டால் இன்னொரு ஆபத்து. விரிகிற காற்றுக்கு வேறு வழி இல்லை. ஆயிலைத் தள்ளிக்கொண்டு ஆக்சில் நுனியிலே உள்ள ஆயில் சீல் வழியாக வெளியேறும். சீலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பிரேக் டிரம்.

இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்க பக்கம் விடிகாலையில் பார்த்தால் தெரியும். கூலிக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். சாயங்காலம் இறங்குவார்கள். சில வருசத்துக்கு முந்தி அப்படி இறங்கி வந்த ஒரு ஜீப்பில் வளைவுக்கு முன்னாடி பிரேக் நிற்கவில்லை. டிரைவர் கெட்டிக்காரர். கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்த்து உரசி நிறுத்திவிட்டார். ஒரு அக்காவுக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அந்த வண்டியில் எங்க சித்தியும் இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாங்க.

மறுநாள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் ஏற்றினார்கள். நானும் போயிருந்தேன். மெக்கானிக் பாய் பின் டிரம் இரண்டையும் கழற்றினார். பிரேக் ஷூ இரண்டு பக்கமும் கியர் ஆயிலில் குளித்துக் கிடந்தது. அத்தனை பாரத்தோடு இறங்குகிற வண்டியை முன் பிரேக் மட்டும் எப்படிப் பிடிக்கும்? எல்லாரும் சீலைத்தான் குற்றம் சொன்னார்கள். பாய் ஒன்றும் பேசாமல் ஹவுசிங் மேலே கையை விட்டு, ஒரு சின்ன மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார். சேறு காய்ந்து செங்கல் மாதிரி இருந்தது. "சீல் என்ன தம்பி பண்ணும்? மூக்கை அடைச்சா வாய் வழியாத்தான மூச்சு வரும்" என்றார். கட்டைவிரல் நகம் அளவு மூடி. அதைத் துடைக்க ஒரு பழைய துணி போதும்.

மாற்றுகிற முறை

இதுக்குமேல் நாங்கள் செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்கணும். குளிர்ந்த ஆயில் பாகு மாதிரி ஒழுகும், அடியில் உள்ள கசடு தங்கிவிடும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்காதீங்க.

முதலில் மேலே உள்ள ஊற்றுகிற பிளக்கைக் கழற்றுங்க. அது வந்த பிறகுதான் அடியில் உள்ள பிளக்கைத் தொடணும். அடியில் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் பிளக் துரு பிடித்துக் கழற்ற வரவில்லை என்றால் வண்டி அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. சில வண்டிகளில் அடியில் பிளக்கே இருக்காது, பின்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றித்தான் இறக்க வேண்டும். அப்போது கேஸ்கட்டும் புதுசு போடணும்.

இறங்குகிற ஆயிலைப் பாருங்க. கறுப்பாக இருந்தால் வழக்கமானது. கருகிய வாடை வந்தால் ரொம்பச் சூடேறியிருக்கிறது. பால் நிறம் என்றால் தண்ணி. விரலில் தொட்டால் வெள்ளிப்பொடி மாதிரி நைசாக இருந்தால் பயப்பட வேண்டாம், சாதாரணத் தேய்மானம். சில்லு சில்லாக இரும்பு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, மூடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்துப் போடுங்க. ஓடை தாண்டுகிற வண்டியாக இருந்தால், பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி இஞ்சின் பக்கம் உயரத்தில் கட்டிவிடலாம். எங்க ஜீப்புக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம். அதன்பிறகு பால் ஆயில் வந்ததில்லை.

புது ஆயில் ஊற்றும்போது அளவு பார்க்கத் தனிக் கம்பி தேவையில்லை. மேல் துவாரத்தின் விளிம்பிலிருந்து வழிய ஆரம்பித்தால் போதும், நிறுத்திடுங்க. ஹைப்பாய்டு ஆக்சிலுக்கு டின்னில் ஜி.எல். 5 என்று இருக்கணும். அதே டின்னைப் பழைய கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீங்க. அதிலே பித்தளை வளையங்கள் இருக்கும். ஆக்சிலுக்கு நல்லது செய்கிற கந்தகச் சரக்கு சில ஆயில்களில் பித்தளையை அரித்துவிடும். கியர்பாக்ஸுக்கு வண்டிப் புத்தகத்தில் சொன்னதைப் போடுங்க, பெரும்பாலும் ஜி.எல். 4. லூசில் விற்கிற ஆயில் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

இறக்கின ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாதீங்க. ஒரு கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்கிறவர்கள் வரும்போது கொடுத்திடுங்க. அந்தத் தண்ணியைத்தான் கீழே நம்ம நெல்லும் மாடும் குடிக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்பீங்க. ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கு சரி. ஓடையும் சேறும் தாண்டுகிற வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்காதீங்க. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை மாற்றிடுங்க. நடுவில் ஹவுசிங் முங்குகிற அளவுக்குத் தண்ணியில் இறங்கியிருந்தால், மறுநாளே மேல் பிளக்கைத் திறந்து விரலை விட்டு நிறம் பாருங்க. மாற்றிய தேதியை வெள்ளைப் பெயிண்டால் ஹவுசிங் மேலேயே எழுதிவைக்கிறது எங்க வழக்கம். வண்டி தானாகச் சொல்லாததை அந்த எழுத்தாவது சொல்லும்.

கூலி ஜீப்பு ஓட்டுகிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், உங்க ஓனர்கிட்ட ஒரு தடவை கேளுங்க. செலவு அதிகம்னு அவர் சொன்னால், ரெண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து மூணு லிட்டர்கூட ஆகாதுன்னு சொல்லுங்க. வீட்டிலிருந்து ஜீப்பில் ஆளை வேலைக்கு அனுப்புகிறவங்களும் ஏறுறதுக்கு முன்னாடி பின் சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பாருங்க. அங்கே எண்ணெய்க் கசிவு தெரிஞ்சா அன்னைக்கு அந்த வண்டி வேண்டாம்.

முன் ஆக்சிலின் முட்டிகளுக்கு கிரீஸ் வைக்கிறது தனி வேலை. அதை அடுத்த பதிவில் எழுதறேன்.